முதுகில் பட்ட கை

முதலில் எனக்குத் துரோகம் செய்தவன் யேசுபாதம். மற்றவர்களெல்லாம் அவனுக்குப் பிறகு வந்தவர்கள். மரவாடி முதலாளி, கிளப் செக்ரட்டரி, என் மச்சினன் என்று ஒரு வரிசையே உண்டு, ஒருவரையும் நான் மறக்கவில்லை, ஆனால் வரிசையின் தலையில் நிற்பவன் அவன்தான், அவனை அங்கிருந்து இறக்க இன்னொருவன் பிறந்து வரவேண்டும். இதை நினைத்துக்கொண்டிருக்கும்போதே சிட்டிபாபு என் கழுத்தில் துணியைச் சுற்றிப் பின்னால் முடிந்து தலையைச் சாய்த்துவிட்டான். சனிக்கிழமை காலை, சலூனில் கூட்டம் இருக்காது, முகத்தை மழித்துக்கொண்டு வெயில் ஏறுவதற்குள் போய்விடலாம் என்று வந்தேன். வந்து உட்கார்ந்த பிறகுதான் பார்க்கிறேன், பெஞ்சில் ஆட்டோக்கார மோசஸ், பக்கத்தில் லைன்மேன் குணா, இரண்டு பேருக்கும் முடி வெட்டிக்கொள்கிற உத்தேசமே இல்லை, பேச வந்திருக்கிறார்கள். இந்தப் பேட்டையில் பேச்சு என்றால் கால்பந்துதான், கால்பந்து என்றால் எங்கள் ஈவ்னிங் பிரதர்ஸ் டீம்தான். "மூணு மேட்ச்சு மச்சி, மூணுமே நின்ன பந்துல உழுந்த கோலு. ரெண்டு கார்னரு, ஒரு ஃப்ரீ கிக்கு. ஓடியாந்து ஒருத்தனும் நமக்கு போடல, நிக்க வெச்சு போட்டுட்டுப் போறான்" என்கிறான் மோசஸ். "கோல்ல நிக்கற கோலி இன்னா பண்ணுவான்? அவன் மின்னாடி எட்டு பேரு பஸ் ஸ்டாப்புல நிக்கறாப்ல நின்னுக்கினு கீறானுங்க, பந்தே தெரியாது" என்கிறான் குணா. "அத்த சரி பண்ணத்தானே யேசு அண்ணன இட்டாந்துகீறாங்க." அந்தப் பெயர் காதில் விழுந்ததும் என் தாடை தானாக இறுகிவிட்டது. சிட்டிபாபு பிரஷ்ஷை நிறுத்தி, "அண்ணாத்த, லூசா உடு. பல்லக் கடிச்சா கத்தி ஓடாது" என்றான். கன்னம், மோவாய், உதடு என்று நுரையை அப்பிவிட்டான். உதட்டில் சோப்பு கரிக்கிறது. இனி நான் வாய் திறக்க முடியாது. அவர்கள் பேசுவார்கள், நான் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடக்கவேண்டும், சவரம் முடியும் வரைக்கும் எனக்கு விதித்தது அதுதான்.

யேசு அண்ணன். வேலையிலிருந்து ரிட்டையர் ஆகி, நீல டிராக் சூட்டும் கழுத்தில் விசிலுமாகத் திரும்பி வந்திருக்கிறான், ஈவ்னிங் பிரதர்ஸின் கோலிகளுக்குப் புதுக் கோச். நாளை மாலை மேட்ச், தோற்றால் கீழ் டிவிஷன், அதற்குள் இவன் வந்து எல்லாவற்றையும் மாற்றிவிடுவானாம். மாற்றட்டும். எனக்கு அதில் ஒன்றும் இல்லை. எனக்கு வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். நான்தான் தேசிங்கைக் கம்பத்திலிருந்து அனுப்பினேன் என்று, என் பெயரைச் சொல்லி, அவன் வாயால், நாலு பேர் காது கேட்க, ஒருமுறை சொல்லவேண்டும். கடனாக அவன் எனக்குத் தரவேண்டியது அவ்வளவுதான். மோசஸ் பிறப்பதற்கு முன்னால் நடந்த ஃபைனல் அது. துறைமுகத்துக்காரர்களோடு ஆட்டம், யேசுபாதம் எங்கள் கோலி, நான் பின்வரிசை, இரண்டு பக்கமும் கோல் இல்லை, முடியப்போகிற நேரம், அவர்களுக்கு ஒரு கார்னர் கிடைத்தது. கார்னர் என்றால் என் இடம் எது என்று இந்தப் பேட்டையில் குழந்தைக்கும் தெரியும். பந்து வருகிற பக்கத்துக் கோல் கம்பம். அப்போது கம்பங்கள் சவுக்குக் கட்டைகள், சுண்ணாம்பு அடித்திருப்பார்கள், இடது கையை அதில் வைத்தால் உள்ளங்கை வெள்ளையாகிவிடும். பந்து காலை விட்டுக் கிளம்பும் வரை கையை எடுக்கக்கூடாது, அதுதான் எங்கள் டீமின் வழக்கம். ஆட்டம் முடிந்ததும் எங்கள் வாத்தியார் பின்வரிசை ஆட்களைக் கூப்பிட்டுக் கையைக் காட்டச் சொல்வார், கையில் சுண்ணாம்பு இல்லாதவனுக்கு அன்றைக்கு டீ கிடையாது. எனக்கு ஒருநாளும் டீ இல்லாமல் போனதில்லை. அன்றைக்கும் கையை வைத்துக்கொண்டுதான் நின்றேன். கிழக்குக் காற்று, கடல் பக்கத்திலிருந்து, பந்தை உள்ளே வளைக்கிற காற்று, அதைக்கூடக் கழுத்தில் உணர்ந்தேன். அப்போதுதான் என் முதுகில், இடுப்புக்கு மேலே, வலது பக்கமாக, யேசுபாதத்தின் உள்ளங்கை பட்டது. தள்ளினான். "போ, அந்த நெட்டையனப் புடி." போனேன். கோலி சொன்னால் போகவேண்டும், அவனுக்குத்தான் எல்லாம் தெரியும், எனக்கு எதிரே நிற்கிறவனின் பனியன்தான் தெரியும். நான் நாலு எட்டு வைத்திருப்பேன், பந்து வளைந்து வந்து, நான் நின்றிருந்த இடத்தில், என் இடுப்பு இருந்த உயரத்தில், உள்ளே போனது.

அதற்குப் பிறகு அவன் செய்ததுதான் துரோகம். ஒன்றும் பேசவில்லை. பேசியிருந்தால் பொய் என்று சொல்லிச் சண்டை போட்டிருப்பேன். ஜனங்கள் பக்கம் திரும்பி, காலியாக இருந்த கம்பத்தைப் பார்த்து, இரண்டு கையையும் விரித்தான். அவ்வளவுதான். எங்கே போனான் இவன் என்று கேட்கிற கை. அந்தக் கையை மைதானம் முழுக்கப் பார்த்தது, மதில் மேல் உட்கார்ந்திருந்தவர்கள் பார்த்தார்கள், வேலை கொடுத்து ஆபீஸ் டீமுக்கு ஆள் எடுக்க வந்திருந்த தொப்பிக்காரர்கள் பார்த்தார்கள். என் முதுகில் பட்ட கையை யாரும் பார்க்கவில்லை, அது ஆட்களுக்கு நடுவில் நடந்தது. இரண்டும் ஒரே கைதான். அவனை எடுத்துக்கொண்டார்கள், கோல் வாங்கியும் எடுத்துக்கொண்டார்கள், நல்ல கோலி, முன்னால் நின்றவன் காலை வாரிவிட்டான் என்று சொல்லி எடுத்துக்கொண்டார்கள். நான் மரவாடிக்கு மரம் சுமக்கப் போனேன். சிட்டிபாபு கத்தியில் புது பிளேடைச் சொருகுகிறான், அந்தச் சத்தம் பல்லில் இறங்குகிறது. மூக்கு நுனியில் அரிக்கிறது. துணிக்கு அடியிலிருந்து கையை எடுத்தால், "இரு அண்ணாத்த, நானே சொறியறேன்" என்று அவனே கட்டை விரலால் தேய்த்துவிடுகிறான், சரியான இடத்தில் இல்லை, கொஞ்சம் தள்ளி. எல்லாரும் இப்படித்தான், கொஞ்சம் தள்ளி. தண்ணீர் லாரி வந்தால் வரிசையில் எவனாவது குரல் கொடுப்பான், "தேசிங்கு, எடத்த உட்டுப் பூடாதப்பா!" சிரிப்பார்கள். ரேஷன் கடையில், ஓட்டுப் போடுகிற பள்ளிக்கூடத்தில், அதே குரல். என் மகள் கல்யாணத்தில் மேடையில் நிற்கிறேன், போட்டோக்காரன் எல்லாரையும் நெருங்கி நிற்கச் சொல்கிறான், கீழேயிருந்து ஒருத்தன், "மாப்ள வூட்டுக்காரங்களே, பொண்ணோட நைனா ஓடிடப் போறாரு, பாத்துக்குங்க" என்றான். நானும் சிரித்தேன். சிரித்த போட்டோ வீட்டில் தொங்குகிறது. சம்பந்தி என்ன விஷயம் என்று கேட்டார், யாரோ சொல்லிவிட்டார்கள், அவரும் சிரித்தார். சம்பந்தியும் வரிசையில் இருக்கிறார்.

"கார்னருக்கு கோல் போஸ்ட்டாண்ட ஆளே வேணாம்பா" என்கிறான் மோசஸ் பின்னால். "டிவில பாக்கறியே, எவன் நிக்கிறான்? எல்லாம் அவனவன் ஏரியாவுல நிப்பான், பந்து வந்தா அடிப்பான்." "டேய், அவனுங்க கோலி ஆறரை அடி. நம்மாளு எம்பினாலும் மேல்கட்டைல ஒட்டட கூட அடிக்க முடியாது" என்கிறான் குணா. சிட்டிபாபு என் காதோரம் கத்தியை இறக்கியபடி, "நான் சொல்றேன் கேளு. ரெண்டு போஸ்ட்டுக்கும் ரெண்டு ஆளு. வாசலுக்குத் தாப்பா போட்டுட்டு தோட்டக் கதவத் தொறந்து வெப்பியா?" என்கிறான். "நீ மயிரப் பாத்து எடு, அண்ணாத்த காதப் போஸ்ட்டுனு நெனச்சு வெட்டிடப் போற" என்கிறான் மோசஸ். எல்லாரும் சிரிக்கிறார்கள். யாருக்கும் என் ஞாபகம் வரவில்லை, அல்லது வந்தும் சொல்லவில்லை, எது மோசம் என்று எனக்குத் தெரியவில்லை. நுரைக்குள் என் வாய் சொல்லிக்கொண்டிருக்கிறது, ஆள் வேண்டும், ஆள் நின்றால் போதாது, நிற்கிறவனை நிற்கவிடவேண்டும். கத்தி தொண்டைக்கு வந்துவிட்டது. எச்சிலை விழுங்கக்கூடாது என்று நினைத்ததும் எச்சில் ஊறுகிறது. இந்த மாதிரி நேரத்தில்தான் அந்தச் சந்தேகம் வரும். படுத்துக் கிடக்கும்போது, அசையாமல் இருக்கும்போது. அது தள்ளியதுதானா? கோலிகள் தொட்டுப் பார்ப்பார்கள், கண் பந்தின் மேல் இருக்கும், கை பின்னால் துழாவி ஆள் இருக்கிறானா என்று பார்க்கும், கண் தெரியாதவன் சுவரைத் தொடுவதுபோல. தொட்டிருந்தானோ? நான் தள்ளியதாக எடுத்துக்கொண்டேனோ? இல்லை. "போ" என்றான். குரல் கேட்டது. கேட்டதா? அவ்வளவு கூச்சலில்? கேட்டது. முதுகுக்குத் தெரியும். ஆனால் அந்த முதுகின் மேல்தான் அத்தனை வருஷம் மரம் சுமந்தேன், தேக்கு, வேங்கை, பர்மாவிலிருந்து வந்தது, எல்லாம் அதே இடத்தில் உட்கார்ந்து எழுந்தது, அங்கே தோல் காய்த்துச் செருப்பின் அடிபோல ஆகிவிட்டது. என் மனைவி தைலம் தேய்க்கும்போது அந்த இடத்தில் விரலே படாததுபோல இருக்கும். அவ்வளவு கனத்த தோலுக்கு அடியில் ஒரு உள்ளங்கை இன்னும் சூடாக இருக்கிறது என்றால் அது நடந்திருக்கவேண்டும். நடக்காதது இவ்வளவு நாள் சுடுமா? சுடும் என்று எவனாவது சொன்னால் நான் என்ன செய்வேன்? இது தெரிந்தவன் உலகத்தில் ஒருத்தன்தான். அவனுக்குப் போன வருஷம் நெஞ்சுவலி வந்து பெரியாஸ்பத்திரியில் படுத்திருந்தபோது நான் கோயிலுக்குப் போய்ச் சூடம் ஏற்றினேன். அவன் மாதாவைக் கும்பிடுகிறவன், எதற்கும் இருக்கட்டும் என்று சர்ச்சுக்கும் போய் மெழுகுவத்தி வைத்தேன். என் மனைவிக்கு ஆச்சரியம், "கெட்ட மனசுனு நெனச்சேன், இவ்ளோ பாசமா?" என்றாள். பாசமா? அவன் போய்விட்டால் நான் யாரிடம் கேட்பது? சாத்துக்குடி வாங்கிக்கொண்டு பார்க்கவும் போனேன். கட்டிலைச் சுற்றி அவன் பெண்டு பிள்ளைகள். "நல்லா கீறியா தேசிங்கு?" என்றான். "கீறேன்" என்றேன். பிறகு இரண்டு பேரும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மோசஸ் திடீரென்று எழுந்திருக்கிற சத்தம். "வாங்க கோச்! உக்காருங்க, இப்பதான் உங்களப் பத்திப் பேசிக்கினு இருந்தோம்." கண்ணாடியில் பார்க்கத் தலையைத் தூக்க முடியாது, சிட்டிபாபுவின் விரல் என் நெற்றியில் இருக்கிறது. ஆனால் கண்ணைத் தாழ்த்தினால் கண்ணாடியின் மேல்விளிம்பில் நீலத் துணி தெரிகிறது, விசில் கயிறு தெரிகிறது. "நாளைக்கு மேட்ச்சு, மூஞ்சி மொத்தமும் முள்ளா கீது" என்கிறது குரல். கொஞ்சம் இளைத்த குரல். பெஞ்சு முனகுகிறது. "சேர்ல யாரு?" "நம்ம தேசிங்கு அண்ணாத்த." "ஓ" என்கிறான் யேசுபாதம். அந்த ஓவில் என்ன இருந்தது என்று யோசிக்கிறேன், யோசிப்பதற்குள் மோசஸ் அவனைப் பிடித்துக்கொண்டுவிட்டான். "கோச், ஒரே கேள்வி. கார்னருக்கு போஸ்ட்டுல ஆளு உண்டா, இல்லியா? இவன் உண்டுன்றான், நான் வேணாம்ன்றேன்." யேசுபாதம் இருமிக்கொள்கிறான். "உண்டு" என்கிறான். "வர்ற பக்கத்துல ஒருத்தன். கிட்டத்துல. நாளைக்கு நிப்பான்." குணா தொடையில் தட்டிக்கொள்கிறான். "இன்னும் கேளு" என்கிறான் யேசுபாதம், வகுப்பு எடுக்கிறவன்போல, நிறுத்தி நிறுத்தி. "நேத்து பிராக்டீஸ்ல பசங்களுக்குச் சொன்னேன். போஸ்ட்டுல நிக்கறவனுக்கு ஒண்ணும் தெரியாது. எதிர்ல முதுகு, பனியன், அவ்ளோதான். மொத்தத்தயும் பாக்கறவன் கோலி. அதனால அவன நிக்க வெக்கறதும் கோலி, நவுத்தறதும் கோலி. அவன் எடம் மாறி கோலு உழுந்துச்சுனா, கோலியத்தான் கேள்வி கேக்கணும். முன்னாடி நின்னவனப் பாத்துக் கை நீட்டக்கூடாது." கத்தி என் மோவாயில் நின்றுவிட்டது. அறை முழுக்க ஒரு மரியாதை பரவுகிறது. "இன்னா ஒரு மனசு பாரு. கோலியா இருந்துக்கினே கோலி மேல பழியப் போட்டுக்கிறாரு" என்கிறான் சிட்டிபாபு. மனசு. கோலிதான் பொறுப்பு என்பதை நான் மரக்கட்டைகளிடம் சொல்லிக்கொண்டு திரிந்தேன், சுவரிடம் சொன்னேன், என் வார்த்தையை என்னிடமிருந்தே எடுத்து டிராக் சூட் மாட்டிக் கூட்டி வந்திருக்கிறான். ஆனாலும் வருகிறது, இன்னும் ஒரு எட்டு, அடுத்த வார்த்தை என் பெயராகத்தான் இருக்கவேண்டும், அதைச் சொல்லாமல் இதைச் சொல்லியிருக்க முடியாது. குணாதான் கேட்டான். அவன் நல்லவன், கள்ளமில்லாமல் கேட்டான். "அப்போ அந்த துறைமுகம் ஃபைனலு, எங்க நைனா சொல்லும், அதுல இன்னா கோச் ஆச்சு? அண்ணாத்தைய நீ அனுப்பினியா, அவரா போனாரா?"

மின்விசிறி சுற்றுகிறது. வெளியே யாரோ இளநீர் வெட்டுகிறார்கள். சிட்டிபாபு கத்தியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறான், அவனுக்கும் தெரியவேண்டும். நான் கண்ணை மூடிக்கொள்கிறேன். பயமாக இருக்கிறது, இத்தனை வருஷம் கேட்கக் காத்திருந்துவிட்டு இப்போது பயம், இல்லை என்று சொல்லிவிட்டால், அவனாகவே போனான் என்று இந்த நல்ல குரலில் சொல்லிவிட்டால், என் முதுகில் இருப்பது வேறு என்ன? யேசுபாதம் சிரிக்கிறான், மெல்ல, மூச்சு வாங்குகிற சிரிப்பு. "அதெல்லாம் எந்தக் காலம்பா. மண்ணு கிரவுண்டு, புழுதி, யாரு எங்க நின்னாங்கனு யாருக்கு ஞாபகம்? நாளைக்கு மேட்ச்சப் பத்திப் பேசுவோம்." "அதுவும் சரிதான்" என்கிறான் மோசஸ் உடனே, நாளைக்கு எதிர் டீமின் நெட்டையனை யார் பிடிப்பது என்று ஆரம்பித்துவிட்டான். ஞாபகம் இல்லையாம். சுண்ணாம்பு ஞாபகம் இருக்கும், டீ ஞாபகம் இருக்கும், ஆபீசில் கையெழுத்துப் போட்ட முதல் நாள் ஞாபகம் இருக்கும். ஆனால் அவன் இல்லை என்றும் சொல்லவில்லை. அதை நான் பிடித்துக்கொள்கிறேன். இல்லை என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? நாக்கைப் புரட்டினால் போதும். சொல்லவில்லை. நேற்றுப் பையன்களுக்கு அதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறான், எங்கிருந்து வந்தது அந்தப் பாடம்? எந்த வாத்தியாரும் எங்களுக்கு அதைச் சொன்னதில்லை. சிட்டிபாபு ஈரத்துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்து, படிகாரத்தைத் தேய்க்கிறான், எரிகிறது, நல்ல எரிச்சல். துணியை உதறி, "எழுந்துக்கோ அண்ணாத்த, மாப்ள மாதிரி கீற" என்கிறான். எழுந்திருக்கிறேன். கால் மரத்திருக்கிறது. யேசுபாதம் என்னைத் தாண்டி நாற்காலிக்கு வருகிறான், தோளோடு தோள் உரசுகிறது. கண்ணைப் பார்க்கவில்லை. வயதாகிவிட்டது அவனுக்கு, கழுத்துத் தோல் வான்கோழிபோல ஆடுகிறது. உட்கார்ந்து தலையைச் சாய்க்கிறான், சிட்டிபாபு துணியைச் சுற்றுகிறான், பிரஷ் சுழல்கிறது.

இப்போது என் வாய் திறந்திருக்கிறது. நாலு பேர் இருக்கிறார்கள். எழுந்து நின்று எல்லாவற்றையும் சொல்லலாம், கை பட்டது, போ என்றான், பிறகு விரித்தான். சொல்லி என்ன? நான் சொல்லி இந்தப் பேட்டையில் கேட்காத காது உண்டா? அது அவனிடமிருந்து வரவேண்டும். "யேசு" என்கிறேன். என் குரல் எனக்கே புதிதாக இருக்கிறது. "யேசு, ஞாபகம் இல்லாத ஒருத்தன் நேத்து பசங்களுக்கு அத்த ஏன் சொல்லணும்?" கண்ணாடியில் நுரைக்கு மேலே அவன் கண்கள் மட்டும் தெரிகின்றன. என்னைப் பார்க்கின்றன. உதடு அசைந்ததுபோல இருந்தது. சிட்டிபாபு பதறிப்போய், "அண்ணாத்த, இப்ப பேச்சு குடுக்காத, கத்தி கையில கீது. முடியட்டும்" என்றான். முடியட்டும். பெஞ்சில் குணா நகர்ந்து இடம் விட்டான், உட்கார்ந்தேன். இடது கன்னம் முடிந்தது. வலது கன்னம் முடிந்தது. மீசைக்குக் கீழே, மோவாய்க் குழியில், கடைசி நுரையும் போனது. நான் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தேன். சிட்டிபாபு கத்தியைத் துடைத்துக்கொண்டு, "கோச், மறுக்கா ஒருவாட்டி போட்டுடவா? இல்ல போதுமா?" என்று கேட்டான். யேசுபாதத்தின் முகம் பளபளவென்று இருந்தது, இன்னொரு முறை மழிக்க அங்கே ஒன்றும் இல்லை. அவன் கண்ணாடியில் என்னைப் பார்த்தான். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, துணிக்கு அடியிலிருந்து ஒரு விரலை மட்டும் வெளியே நீட்டி, போடு என்று காட்டினான். சிட்டிபாபு பிரஷ்ஷை மறுபடி கிண்ணத்தில் முக்கினான்.